பழைய தலைக்குப் போட்ட கணக்கு

1

நாளைக்கு இசக்கிக்கு ஸ்கேன். அதனால் இன்றைக்கு நான் போட்ட பரோட்டா ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. தினமும் வருகிற ஒரு சேட்டன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எந்தா, மேப்பா?" என்று கேட்டார்.

"கேரளம் முழுசா இருக்கு சேட்டா. உங்க ஜில்லாவை மட்டும் பிய்ச்சு எடுத்துக்கிடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது. நான் அடுத்த உருண்டையை எடுத்து வீசினேன். அதுவும் கோணிக்கொண்டுதான் விழுந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. பெயர் சுடலைமுத்து. திசையன்விளைப் பக்கம் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். எப்படியோ, பிரிந்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். கல்யாணம் முடிந்த கையோடு இசக்கியையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தேன். ஓட்டலில் மாவு பிசைந்தேன். இப்போது பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் சொந்தமாகக் கடை. வாடகை வீடு கரமனையில்.

வெளிநாடு போனவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், பாலைவனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். என் வெளிநாடு களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். பாஸ்போர்ட் வேண்டாம், பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தால் போதும். ஆனாலும் சொல்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் களியக்காவிளையும் கனடாவும் ஒரே தூரம்.

2

போன வருஷம் இசக்கிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. சூடு என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். என் வைத்தியம் அவ்வளவுதான். அப்புறம் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அதற்கும் இளநீர் கொடுக்கப் போனபோது மகள் ரம்யா இளநீரைப் பிடுங்கி வைத்துவிட்டு, அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள்.

ரம்யா இங்கேயே பிறந்தவள். கணக்கில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எனக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம், இசக்கியிடம் கேட்கத்தான் தைரியம் இல்லை. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. கோபம் வந்தால் மலையாளம், பயம் வந்தால் மலையாளம், தூக்கத்தில் உளறினாலும் மலையாளம். நான் இப்போது எழுதுகிற இதைக்கூட நான் வாசித்துக் காட்டினால்தான் அவளுக்குத் தெரியும். இதை வாசித்துக் காட்டப்போவதில்லை.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, கத்தி போக முடியாத இடத்தில் புற்று என்று சொன்னார்கள். ரேடியேஷன்தான் வழி. மருந்தும் கூட உண்டு. கவுண்டரில் பெயர் கேட்டார்கள். 'இசக்கியம்மாள்' என்றேன். அந்தப் பையன் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தான். உதவித் திட்டத்துக்குப் போனால், "ரேஷன் கார்டு தமிழ்நாட்டிலல்லே சேட்டா, அவிடெ சோதிக்கு" என்று ஊரில் போய்க் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனில் கேட்டால், "நீங்க கேரளால்லலா இருக்கிய, அங்க கேளுங்க" என்றார்கள். இரண்டு மாநிலமும் எங்களை அடுத்த வீட்டுக்காரனாகவே பார்த்தன.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த நல்லது பிந்து மேடம். அவர் டாக்டர் இல்லை. ரேடியேஷன் எந்தப் பக்கத்தில் இருந்து, எவ்வளவு, எங்கே விழவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர். சின்ன வயசு. தமிழ்ப் படம் பார்த்துக் கற்ற தமிழ், அதனால் சில சமயம் நியாயம் கேட்கிற மாதிரியே பேசுவார்.

முதலில் மாஸ்க் செய்தார்கள். சுடுதண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு எடுத்தார்கள். நான் மாவை வீசி விரிக்கிற மாதிரி அது தொங்கியது. இசக்கி கொண்டையை அவிழ்த்துப் படுத்தாள். அவள் முடி உங்களுக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே வரும், கையில் பிடித்தால் தேர் வடம். அந்தத் தகட்டை அவள் முகத்தின் மேல் இழுத்துப் பிடித்தார்கள். மூக்கு, தாடை, நெற்றி எல்லாம் அதில் பதிந்து, சற்று நேரத்தில் இறுகிவிட்டது. இனி ஒவ்வொரு நாளும் இதை மாட்டித்தான் மேசையில் படுக்கவேண்டும். ஒரே மாதிரி, அசையாமல். அதன் பிறகு அந்த மாஸ்க்கோடு ஒரு ஸ்கேன்.

"சேச்சி, இனி தலையில ஒரு மாற்றமும் பாடில்ல. வெயிட்டும் குறையக் கூடாது. மனசிலாயோ?" என்றார் பிந்து மேடம்.

மனசிலாச்சு என்றோம். சத்தியமாக மனசில் ஆகியும் இருந்தது.

3

கணக்குப் போட்டு முடிக்கச் சில நாள் ஆகும், அதுவரை வீட்டில் இருங்கள் என்றார்கள். இசக்கி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இந்த வைத்தியத்துல முடி கொட்டிருமாம்லா?"

"பின்னந்தலையில கொஞ்சம் கொட்டும்னு சொன்னாவ."

"கொட்டின பொறவு முருகனுக்கு என்னத்தக் கொடுக்க? கொட்டினது போக மிச்சத்தையா? நல்லா இருக்கும்போதே கொடுத்துருவோம்."

"மேடம் தலையில ஒண்ணும் மாத்தப்படாதுன்னு சொன்னாவல்லா?"

"அது சாயம் அடிக்கிறது, ஸ்டைலா வெட்டுறது. சாமிக்குக் கொடுக்கிறது மாத்தமா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும். நம் வீட்டுக் கணக்கில் சாமி காரியம் தனி. அதை எந்த டாக்டர் சொன்னதோடும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. விரதம் என்றால் மாத்திரையை ஒரு நேரம் தள்ளிப் போடுகிறோம், அதை 'மாத்திரையை விட்டோம்' என்று யாராவது சொல்கிறோமா? அப்படித்தான் இதுவும். ரம்யாவுக்குப் பரீட்சை. சொன்னால் சண்டை போடுவாள் என்று, ஊரில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

திருச்செந்தூரில் கடல் அன்றைக்கு உறுமிக்கொண்டே இருந்தது. நாவிதர் இசக்கியின் முடியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இவ்வளவையுமா தாயி?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். அவள் மட்டும் மொட்டையாக எழுந்தால் அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது என்று தோன்றியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் தலையில் அவருக்கு அதிக வேலை இருக்கவில்லை.

"உங்களுக்குப் பாதிக் கட்டணம்தான் வாங்கணும்" என்றாள் இசக்கி.

4

கணக்கு முடியும் முன்னால் மாஸ்க்கை ஒரு தடவை மாட்டிப் பார்க்கக் கூப்பிட்டிருந்த அன்றைக்குப் பஸ் இறங்கி நேராக ஆஸ்பத்திரி. ரம்யா வாசலில் நின்றாள். அம்மா தலையில் முக்காடு, அப்பா தலையில் சந்தனம். முக்காட்டை இழுத்துப் பார்த்தாள்.

"அய்யோ அம்மே! எந்தா இது?"

"கத்தாத. முருகனுக்கு" என்றாள் இசக்கி.

ரம்யா முக்காட்டைத் திரும்ப மூடிவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

இசக்கியை உள்ளே கூட்டிப் போனார்கள். போன வேகத்தில் கதவு திறந்தது. பிந்து மேடம் கையில் மாஸ்க்கோடு வந்தார். அந்த மாஸ்க்கில் இசக்கியின் முகம் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது.

"சேட்டா, சேச்சியுடெ முடி எவிடெ?"

"திருச்செந்தூர்ல இருக்கு மேடம்."

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குக்கு நானே பயந்தது அன்றைக்குத்தான்.

"உள்ள தலை ஆடுது. பின்பக்கம் முடி இருந்த இடம் முழுக்கக் காலி. இதை வச்சு மெஷின் போட முடியாது. மாஸ்க் புதுசு செய்யணும், ஸ்கேன் புதுசு எடுக்கணும், கணக்கு முதல்ல இருந்து."

"கணக்கு அப்படியே இருக்கட்டும் மேடம். உள்ள ஒரு துண்டு மடிச்சு வச்சா சரியா வராதா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும். "வாங்க, காட்டுறேன்" என்றார்.

5

ஒரு சின்ன அறை. ஏசி குளிர். கம்ப்யூட்டரில் இசக்கியின் மண்டையும் கழுத்தும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த முகத்தை நான் உள்பக்கமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரம்யா என் பின்னால் நின்றாள்.

"இது சேச்சியோட பழைய தலை" என்றார் பிந்து மேடம். "இதைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டியிருக்கு. நிஜத்துல வெட்டல, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு ரேடியேஷன் விழும்னு கம்ப்யூட்டர் கணக்கு போடும். சுத்திலும் பல பக்கத்துல இருந்து மெஷின் அடிக்கும். கட்டியில நிறைய விழணும். பக்கத்துல இருக்கிற நரம்புல விழக் கூடாது."

"அது எப்படி மேடம் கண்டுபிடிக்கும்?"

"நேரா கண்டுபிடிக்காது. முதல்ல சும்மா ஒண்ணு நெனைச்சுக்கும். அதைப் போட்டுப் பார்க்கும். எங்க கூடிப்போச்சு, எங்க குறைஞ்சுபோச்சுன்னு பார்த்துக் கொஞ்சம் மாத்தும். திரும்பப் போட்டுப் பார்க்கும். திரும்ப மாத்தும்."

நான் சாம்பாரில் உப்புப் பார்க்கிற மாதிரி என்று நினைத்தேன். என் சாம்பாரில் எத்தனையோ நாள் உப்பு கூடியிருக்கிறது.

ரம்யா என் தோளைப் பிடித்தாள். "அப்பா, இதுதான் நான் படிக்கிறது. சில கணக்குக்கு நேரா விடை எடுக்க முடியாது. விடைகிட்ட கொஞ்சம் கொஞ்சமா போறதுக்கு ஒரு வழி இருக்கு. நியூமெரிக்கல் மெத்தட்னு சொல்லுவாங்க. பாலம் கட்ட, ராக்கெட் விட, மழை எப்ப வரும்னு பார்க்க, எல்லாத்துக்கும் இதுதான்."

"மழை இன்னைக்கு வரும்னான். வந்துச்சா?"

"அப்பா!"

"சரி, கிட்டக் கிட்டப் போகும். போய்ச் சேருமா?"

அவள் பிந்து மேடத்தைப் பார்த்தாள். பிந்து மேடம்தான் பதில் சொன்னார். "முழுசா சேராது சேட்டா. இதுக்கு மேல மாத்தினாலும் பெரிசா மாறலன்னு வரும்போது நிறுத்துவோம். அப்புறம் நான் விடுறதில்ல. அதே கணக்கை ஒரு பிளாஸ்டிக் கட்டையில மெஷின் வச்சு அடிச்சுப் பார்ப்போம். கம்ப்யூட்டர் சொன்னதும் உள்ள வச்ச மீட்டர் சொன்னதும் ஒத்துப்போனாதான் ஆளைப் படுக்க வைப்போம்."

பிறகு படத்தைப் பெரிதாக்கினார். ஒரு சிவப்புத் திட்டு, அதைச் சுற்றி மஞ்சள், பக்கத்தில் ஒரு நீலக் குழல். சிவப்பு, கட்டி. நீலம், தண்டுவடத்து நரம்பு. இரண்டுக்கும் நடுவில் அவர் தன் சுண்டுவிரல் நகத்தை வைத்தார். நகம் இரண்டையும் மறைத்துவிட்டது.

"மாஸ்க்குக்குள்ள தலை ஒரு அரிசி அளவு தள்ளினா, கட்டிக்குப் போறது இங்க போகும். துண்டு மடிச்சு வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

திருச்செந்தூரில் விட்டுவிட்டு வந்தது முடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த முடியின் கனத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு வேலையும் ஒரு சவரக்கத்தியில் போய்விட்டது.

6

புது மாஸ்க். புது ஸ்கேன். புதுக் கணக்குக்குக் காத்திருப்பு. அந்த நாட்களைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் நான் எழுந்ததும் இசக்கியின் கழுத்தைப் பார்ப்பேன், நெல்லிக்காய் பெரிதாகிவிட்டதா என்று. பார்ப்பது அவளுக்குத் தெரியக் கூடாது என்று டீ டம்ளரை அந்தப் பக்கம் வைத்துவிட்டு எடுப்பேன்.

"எத்தனை தடவ டம்ளரை எடுப்பிய? கழுத்துதானே, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று ஒரு நாள் தாடையைத் தூக்கிக் காட்டினாள்.

ரம்யா என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிந்து மேடத்தோடு பேசிவிட்டு வருவாள். அரை மணி நேரம் இங்கிலீஷும் மலையாளமுமாகப் பேசுவதை வாசலில் நின்று கேட்பேன். வெளியே வந்து, "குழப்பமில்ல அப்பா, நடக்குது" என்பாள். அரை மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவுதான் கிடைத்தது. மலையாளம் எனக்குத் தெரியும், கடையில் வருஷக்கணக்காக அதில்தான் கடன் கேட்கிறவர்களை விரட்டுகிறேன். அவர்கள் பேசியது மலையாளமே இல்லை, கணக்கு. அந்த பாஷை தெரியாமல் சொந்த மகள் முகத்தை வைத்து மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். அவள் புருவம் சுருங்கினால் என் உயிர் போகும்.

கடைசியில் டாக்டரும் பிந்து மேடமும் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அதுவே எனக்கு ஆகவில்லை. நல்ல செய்தியை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

தண்டுவடம் தப்பித்துவிட்டது, கண் நரம்பும் தப்பித்துவிட்டது, இடது காதுதான் இடிக்கிறது என்றார்கள். கட்டியின் ஓரம் அந்தக் காதுக்குள் இருக்கிற நரம்புக்குப் பக்கத்தில் போகிறது. காதைக் காப்பாற்ற எத்தனை விதமாகக் கணக்கை ஓடவிட்டாலும், கட்டியின் ஓரத்தில் ரேடியேஷன் குறைகிறது. ஓரத்தைச் சரியாக்கினால் காதில் கூடுகிறது. காது மந்தமாகலாம், கேட்காமலும் போகலாம். ஓரத்தில் குறைக்கக் கூடாது என்பதுதான் டாக்டரின் எண்ணம். ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றார்.

"எத்தனை விதமா போட்டீங்க மேடம்?" என்றேன்.

"என்னால முடிஞ்ச வரைக்கும். நேத்து முழுக்க ரம்யாவும் கூட இருந்தா."

அவள் இதை வீட்டில் சொல்லவேயில்லை. அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிதான் பேசினாள். "ஓரத்துல விட்டுராதிய அம்மா. பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியும், பிசுக்கு ஓரத்துலதான் இருக்கும். காது போனாப் போவட்டும். இவுக பேசுறதைக் கேக்க ஒரு காது தாராளம்."

டாக்டர் சிரித்தார். பிந்து மேடம் சிரித்தார். ரம்யா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து வெளியே போனாள். என் வீட்டு ஆள் ஒரு ஜோக் சொல்லி எனக்குச் சிரிக்க வராதது அதுதான் முதல் தடவை.

அவர்கள் எல்லாரும் எழுந்த பிறகு பிந்து மேடத்தை வராந்தாவில் நிறுத்தினேன். "மேடம், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாமச் சொல்லணும். மொட்டை போட்டதாலதானா? நாள் தள்ளிப் போச்சுல்லா, அதுல கட்டி காதுப் பக்கம் வந்திருச்சா?"

அவர் உடனே 'இல்லை' என்று சொல்லவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"பழைய கணக்கு முடியவே இல்ல சேட்டா, காது விஷயம் அதுலயும் வந்திருக்கலாம். அது பழைய தலைக்குப் போட்டது, இது புதிய தலைக்குப் போட்டது. படுத்த விதம் வேற, தாடை வேற. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கழிச்சா முடியோட தப்பு எவ்வளவுன்னு கிடைக்காது. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

நன்றி சொன்னேன். அதற்கு ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

7

சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு மூடும், மேலே சிவப்பு விளக்கு எரியும், உள்ளே இசக்கி மாஸ்க்குக்குள் தனியாகப் படுத்திருப்பாள். வெளியே நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். நான் அசைந்தால் அவளும் அசைந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம். இருமல் வந்தால்கூட அடக்குவேன். அப்புறம் வாய் புண்ணாகி, ருசி போய், எச்சில் வற்றி, என் சால்னாவைச் சாப்பிட்டு, "இது தண்ணியா?" என்று கேட்கிற நிலைக்கு வந்தாள். அதை நான் கடையில் விளம்பரமாகச் சொல்லவில்லை.

கட்டி கரைந்தது. இடது காதும் போய்விட்டது. முதலில் ரீங்காரம், அப்புறம் மந்தம், இப்போது அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால்கூடத் திரும்புவதில்லை.

காது போனதில் இசக்கிக்கு வருத்தம் இல்லை. பஸ்ஸில் இடது பக்கம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். வருத்தம் எனக்குத்தான். முடி கேட்ட விலையா அது, இல்லை கட்டி கேட்ட விலையா? அதை எந்தக் கம்ப்யூட்டரும் இனி சொல்லப்போவதில்லை. ரம்யாவிடம் கேட்டேன். "அப்பா, அந்தக் கேள்விக்கு டேட்டா இல்ல. விடு" என்றாள். அவள் சொன்ன 'விடு' மட்டும் சுத்தமான தமிழ்.

நாளைக்கு எடுக்கிற ஸ்கேன் சும்மா பார்ப்பதற்குத்தான் என்கிறார்கள். வருஷம் ஒன்று ஆனால் எடுப்பார்களாம். ஓரத்தில் எதுவும் மிச்சம் இல்லை என்று அது சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் பேசவில்லை. ரம்யா காலையில் இருந்து அறைக்குள் படித்துக்கொண்டே இருக்கிறாள். பக்கம் திரும்புகிற சத்தம் இல்லை.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். இசக்கி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் அவள் இடது பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு நாளாகத் தொண்டையில் நிற்கிற விஷயம். அவள் தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் மெதுவாக, "ஏளா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவள் திரும்பவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாய் அசையுதே, என்ன சொன்னிய? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

எழுந்து, முறத்தைச் சுற்றி, அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். சொல்வதற்கு ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை. பயமாக இருக்கிறது என்பதையே சொன்னேன்.

அவள் முறத்தில் இருந்து பாதிக் கீரையை அள்ளி என் மடியில் போட்டாள்.

"இதைச் சொல்லவா கேக்காத பக்கமாப் போய் உக்காந்திய?" என்றாள். "ஆயுங்க. நானும் காலையில இருந்து பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."